எதிர்ப்பக்கம் போட்ட காசு

என் சகலை இருமினால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் இருமினால் அடுப்படியிலிருந்து "பீடியக் கொறைங்க" என்று ஒரு குரல் மட்டும் வரும். அவன் இருமினால் மாமியார் எழுந்து போய்க் கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு மருமகன்களில் ஒருவனுக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்கிறது என்பது அந்த வீட்டு நினைப்பு.

நான் மூத்தவளைக் கட்டியவன், அவன் இளையவளை. நான் பசறை டவுனில் வாடகைக்கு எடுத்த ஆட்டோ ஓட்டுகிறேன். அவன் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அதிலும் அவனுக்குச் சல்லடை அறை. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற இடம் அது. நாள் முழுக்கத் தூள் பறந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு வருஷம் அதைச் சுவாசித்ததில் அவன் நெஞ்சு நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அந்த அறையை விட்டு வெளியே வந்தால்தான் மருந்து பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேறு வேலை கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. வெளியே வருவதென்றால் கையில் ஒரு தொழில் வேண்டும். அவன் மனதில் வைத்திருந்த தொழில் ஆட்டோ. என் தொழில்.

இருமல் ஒன்றுதான் என் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அவன் போஞ்சி போட்டால் பந்தல் தாங்காமல் காய்க்கும். நான் போட்டால் முள்ளம்பன்றி வரும். அவன் போன் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் விழுந்து ஒரு மணிநேரம் கிடந்து, துடைத்தவுடன் பேசியது. என் போன் சட்டைப் பையில் இருந்தபடியே செத்தது. திருவிழாவில் அவன் காவடி எடுத்தால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் எடுத்த வருஷம் "மேல கரண்டு கம்பி, பாத்து" என்றுதான் கத்தினார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் நல்லவன், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அவனைத் திட்டுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

பசறை பஜாரில் ஒரு புக்கி இருக்கிறது. பந்தயம் பிடிக்கிற கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். குதிரைக்கும் போடலாம், கிரிக்கெட்டுக்கும் போடலாம். எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் சவாரி இல்லாத நேரத்தில் அங்கேதான் நிற்பார்கள். நானும் நிற்பேன். சகலைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு சாமான் எடுக்க டவுனுக்கு வந்தவனை நான்தான் உள்ளே கூட்டிப்போனேன். அன்புக்காக இல்லை. அவன் ஒரு தடவையாவது தோற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது.

அவன் போட்டதோ யாரும் துணிந்து போடாத பந்தயம். ஐந்து ஆட்டங்களை ஒரே துண்டுச் சீட்டில் கோத்துப் போட்டான். ஐந்திலும் அவன் சொன்ன பக்கம் ஜெயித்தால், போட்ட காசு பெருகிப் பெருகி ஒரு பெரிய தொகையாக வரும். ஒன்று தவறினாலும் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதுவும் எங்கேயோ ஒரு நாட்டு லீக். அணிகளின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. சுவரில் ஓடிக்கொண்டிருந்த டீவியைப் பார்த்துச் சட்டை நிறத்தை வைத்தே சொன்னான். முதல் ஆட்டத்துக்கு மஞ்சள், மங்களகரமாம். இரண்டாவதுக்குப் பச்சை, கொழுந்து நிறமாம். இப்படியே போய், ஐந்தாவதுக்கு மாரியம்மன் நிறம் என்று சிவப்பைச் சொன்னான். துண்டு எழுதுகிற ஆள் சிரித்துவிட்டார். நான் அவரைவிட உரக்கச் சிரித்தேன்.

மஞ்சள் ஜெயித்தது. பச்சையும் ஜெயித்தது. ஒவ்வொரு தடவையும் அவன் எனக்குத்தான் முதலில் போன் அடித்தான். "சகலை, பச்சையும் வந்துருச்சி!" என்பான். பின்னால் அவன் மனைவி சிரிப்பது கேட்கும். நானும் "அப்படியா, நல்லது நல்லது" என்பேன். போனை வைத்தபிறகு நெஞ்சில் புளித்த ஏப்பம் ஏறும். பத்து நாளில் நாலு ஆட்டமும் வந்துவிட்டது. மிச்சம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடக்கவிருந்த ஆட்டம். அதில் சிவப்பு ஜெயித்தால் துண்டுக்கு வருகிற தொகையில் ஒரு புது ஆட்டோவுக்கு முன்பணம் கட்டலாம். நான் ஒன்பது வருஷமாக அடுத்தவன் ஆட்டோவுக்கு நாள் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். அவனோ ஹேண்டிலைப் பிடிக்கத் தெரிவதற்கு முன்னமே முதலாளி ஆகிவிடுவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ஸ்டாண்டில் ஆட்டோவின் ரெக்சின் திரையை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினான் சகலை. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. துண்டு மட்டும் நனையவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பேக்கில் சுற்றி, அதை இன்னொரு சொப்பின் பேக்கில் சுற்றி வைத்திருந்தான். ஏறி உட்கார்ந்து இருமி முடித்தான்.

"சகலை, ஒரு யோசனை கேக்கணும்."

"சொல்லுங்க."

"துண்டு எழுதுறவரு ஒண்ணு சொல்றாரு. நாலு வந்தாச்சு, அஞ்சாவதுக்கு எதிர்ப்பக்கம் நீலத்துலயும் கொஞ்சம் போட்டு வச்சிக்கிறது நல்லதுங்கிறாரு. சிவப்பு ஜெயிச்சா துண்டு முழுசா வரும், நீலத்துல போட்டது மட்டும் போயிரும். சிவப்பு தோத்தா துண்டு போயிரும், ஆனா நீலத்துல போட்டது ரெண்டர மடங்கா திரும்பி வருமாம். எப்படி ஆனாலும் வெறுங்கையோட நிக்க மாட்டீங்கன்னு சொன்னாரு."

"போடுறதுக்குக் காசு?"

"தீவாளி அட்வான்ஸ் இன்னைக்குத்தான் குடுத்தாங்க. வீட்டுலயும் சரின்னுட்டா. இருந்தாலும் உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன். நீங்க நாலெழுத்துப் படிச்சவங்க."

சாதாரணதரப் பரீட்சையில் ஆறு பாடம் பாஸ் பண்ணியதை அவன் ஒருவன்தான் இன்னும் படிப்பு என்று மதிக்கிறான். கணக்கு எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது. எதிர்ப்பக்கம் போட்டால், சிவப்பு ஜெயித்தாலும் அவனுக்கு ஆட்டோ, கொஞ்சம் காசு குறையும், அவ்வளவுதான். சிவப்பு தோற்றால் ஆட்டோ வாங்க முடியாது. ஆனால் லைசன் எடுத்து, என்னைப்போல ஒரு வாடகை ஆட்டோவைப் பிடித்து, சல்லடை அறையை விட்டு வெளியே வந்துவிடலாம். எதிர்ப்பக்கம் போடாவிட்டால்தான் சிவப்பு தோற்கும்போது அவன் அந்தத் தூளுக்குள்ளேயே கிடக்க வேண்டும். சரியான பதில் ஒரே சொல்தான். போடுங்க. வாயைத் திறந்து அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் எப்படி ஆனாலும் அவன் ஜெயிக்கிறான் என்பதுதான் என் காதில் ஏறியது. ஒருவனுக்கு இரண்டு பக்கமும் எப்படி நல்லதாக இருக்க முடியும்? எனக்கு ஒரு பக்கம்கூட இருந்ததில்லையே. அப்போதுதான் அந்த மஞ்சள் முடிச்சு ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு காரியம் கைகூட வேண்டும் என்றால், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துப் பக்கத்தில் தொங்கவிடுவோம். காரியம் முடிந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, பரீட்சை என்றாலும் சரி. நாலாவது ஆட்டம் வந்த அன்றே அவன் மனைவி குளித்துவிட்டு வந்து, சிவப்புச் சட்டைக்காரர்கள் ஜெயிக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள். முடிந்ததை என் மனைவிக்குப் போனில் சொல்லியுமிருந்தாள்.

"வீட்டுல காசு முடிஞ்சு வச்சிருக்காங்கதானே?" என்று கேட்டேன்.

"ஆமா. செவப்புக்கு."

"அப்ப நீங்க எப்படி நீலத்துக்குப் போடுவீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. நான் குரலை இறக்கிக்கொண்டேன். மாசத்துக்கு ஒரு தடவைகூடக் கோயில் வாசலை மிதிக்காத நான், அன்றைக்குப் பூசாரி மாதிரி பேசினேன். சாத்தான் வேதம் ஓதுவது என்பார்களே, அதை மழையில், ஓர் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து நான் ஓதினேன்.

"ஆத்தாகிட்ட செவப்பு ஜெயிக்கணும்னு முடிஞ்சு வச்சிட்டு, இங்கிட்டு வந்து நீலம் ஜெயிக்கட்டும்னு காசு கட்டுனா, ஆத்தாள நம்பலன்னுதானே அர்த்தம்? ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு மனுசங்ககிட்ட நிக்கலாம். சாமிகிட்ட நிக்கலாமா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அத நான் யோசிக்கவே இல்ல சகலை," என்றான்.

"நான் மனசுல பட்டதச் சொன்னேன். அப்புறம் உங்க இஷ்டம்."

நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு இந்தக் கடைசி வரிதான். மாட்டை நன்றாகக் கட்டிப்போட்டுவிட்டு, போக இஷ்டமிருந்தால் போ என்று சொல்வது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள உங்ககிட்ட கேட்டேன்," என்றான். பிறகு துண்டை மறுபடி இரண்டு பைகளில் சுற்றிக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸுக்கு ஓடினான்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், டயர் பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போனேன். பின் டயர் இரண்டும் வழவழப்பாகிவிட்டதால் மாற்றுவதற்குக் காசு சேர்த்து வைத்திருந்தது உண்மைதான். பசறையில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. பதுளையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு புக்கி உண்டு. அங்கே போய் டயர் காசு முழுவதையும் நீலத்துக்குக் கட்டினேன்.

நான் புத்தியுள்ள பொறாமைக்காரனாக இருந்திருந்தால் சிவப்புக்குக் கட்டியிருப்பேன். அவன் ஜெயித்து எனக்கு வயிறு எரியும்போது கையில் நாலு காசாவது இருக்கும், தோற்றால் என் காசு போனாலும் மனம் குளிரும். துண்டு எழுதுகிறவர் சகலைக்குச் சொன்ன அதே யோசனைதான், என் நோய்க்கும் அதுவே மருந்து. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் தோற்க வேண்டும், அவன் தோற்றதால் நான் ஜெயிக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வேண்டும். அவன் ஜெயித்துவிட்டால் ஆட்டோவும் அவனுக்கு, என் டயரும் போச்சு. எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன். இதில் அவன் எனக்கு எதிரியும் இல்லை.

மத்தியானம் மனைவியை ஏற்றிக்கொண்டு மடுல்சீமைக்குப் போனேன். ஆட்டத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அவன் இரண்டு தடவை போன் பண்ணியிருந்தான். வழவழத்த டயரோடு அந்த வளைவுகளில் ஏறும்போது மனைவி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "டயரு கெடைக்கலயா?" என்று கேட்டாள். அளவு சரியில்லை என்றேன்.

அவன் லயத்து வீட்டு முன்னறையில் பக்கத்துக் காம்பரா வீடுகளின் சனமெல்லாம் கூடியிருந்தது. டீவிக்கு மேலே மாரியம்மன் படம், விளக்கு, மஞ்சள் முடிச்சு. எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். என் சட்டைப் பையில் பீடிக் கட்டுக்குப் பின்னால் நீலத் துண்டு இருந்தது. நீலச் சட்டைக்காரர்கள் முதலில் அடித்தார்கள். அவர்களில் ஒருவன் ஆட்டமிழக்கும்போதெல்லாம் வீடே கை தட்டியது. நானும் தட்டினேன், மற்றவர்களைவிட நீளமாகவே. பிறகு சிவப்புக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். பந்து எல்லைக்கு ஓடும்போதெல்லாம் சகலை டீவியை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் திரும்பிப் பார்த்தான். அந்தத் துண்டில் எனக்கும் பாதிப் பங்கு இருப்பதுபோல அவனுக்கு நினைப்பு. நான் பல்லைக் காட்டினேன்.

பாதியில் மழை வலுத்து டீவியில் படம் நின்றது. கூரையோரம் வைத்திருந்த டிஷ்ஷைத் திருப்ப அவன் வெளியே போனான். நான் குடை பிடித்தேன். ஒரு கையால் டிஷ்ஷை அசைத்துக்கொண்டு, மறு கையால் நெஞ்சைப் பிடித்து இருமினான். மழைத்தண்ணீரோடு துப்பியதில் சளி கறுப்பாக இருந்ததைப் பார்த்தேன்.

"இது மட்டும் வந்துச்சின்னா சகலை, மொத சவாரி நீங்கதான் ஏறணும். காசு வாங்க மாட்டேன்."

அந்த இடத்தில் ஒரு கணம், உண்மையாகச் சொல்கிறேன், சிவப்பு ஜெயித்துத் தொலையட்டும் என்று தோன்றியது. உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவன் மனைவி ஓடிவந்து அவன் தலையைத் துடைத்துவிட்டாள். நானும்தான் நனைந்திருந்தேன். தோன்றியது போய்விட்டது.

கடைசி ஓவரில் சிவப்புக்கு ஒன்பது ஓட்டம் வேண்டும். முதல் பந்திலேயே நான்கு போனது. வீடு அதிர்ந்தது. அடுத்த மூன்று பந்துகளில் மூன்று. அதற்கடுத்த பந்தில் ஒன்றுமில்லை. கடைசிப் பந்தை அடிக்கப் போனவன் காற்றைத்தான் அடித்தான், பின்னால் குச்சி பறந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. "அடடா," என்றேன் நான். என் குரல் எனக்கே சரியாகத்தான் கேட்டது.

முதலில் சிரித்தவன் சகலைதான். "ஆத்தாளுக்குத் தெரியும், எத எப்பக் குடுக்கணும்னு," என்றான். மஞ்சள் முடிச்சைப் பார்த்து அழுதுகொண்டிருந்த மனைவியிடம், "அத அவுத்துராத. குடுக்குறேன்னு முடிஞ்சது, கோயில்ல போட்டுருவோம்," என்றான். பிறகு எழுந்துபோய் எல்லோருக்கும் அவனே பிளேன்டீ ஊற்றினான். அவள் அடுப்படியில் அவன் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள். பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வந்து அவன் முதுகைத் தட்டினார்கள். ஒருவர் தீபாவளிக்கு வைத்திருந்த முறுக்கைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தார். தோற்றவனைச் சுற்றி ஒரு லயமே நின்றது. ஜெயித்த நான் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது, நானும் யாரிடமும் சொல்ல முடியாது. அவன் தோல்வியின்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

திங்கட்கிழமை பதுளைக்குப் போய்க் காசை வாங்கினேன். ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் ஒருவருக்கும் தெரியாத வெற்றியை வைத்து என்ன செய்வது? நானும் ஒரு தடவை ஜெயித்தேன் என்று ஒரு ஆளிடமாவது காட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது முன்னால் வைத்தேன்.

"ஏது இவ்வளவு?"

"பந்தயம்."

"எந்த ஆட்டம்?"

பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது. "நேத்து ஆட்டம்தான்," என்றேன்.

அவள் கை கீரையில் நின்றது. "நேத்து செவப்பு தோத்துச்சே."

"ஆமா."

"டயரு பாக்கப் போனது இதுக்கா?"

"ம்."

"அவரு எதிர்ப்பக்கம் போடப்போறேன்னு வந்தப்ப, சாமி குத்தம்னு நீங்கதானே தடுத்தீங்க? தங்கச்சி சொன்னா."

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு காசை எடுத்தாள். நான் போட்ட அளவை மட்டும் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"டயரு காசு இந்தா இருக்கு. மிச்சம் அவங்களுது."

"என் காசப் போட்டு நான் ஜெயிச்சது அது."

"அவரு ஜெயிக்க இருந்தத நீங்க ஜெயிச்சிருக்கீங்க. அவ்வளவுதான்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அன்று சவாரியே ஏற்றவில்லை. சொல்லிவிடுவாள், இரவுக்குள் மாமியார் வீடுவரை தெரிந்துவிடும், இனி அந்த வீட்டுப் படியில் எந்த முகத்தோடு ஏறுவது என்று ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தவள், "குடுத்துட்டேன்," என்று மட்டும் சொன்னாள். என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டேன். "சொல்ல வேண்டியதச் சொல்லித்தான்," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான், மனைவியோடு. நான் வாசலில் எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தேன். அவன் வேகமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"ஏன் சகலை இப்படிப் பண்ணுனீங்க?"

நான் கையை உருவப் பார்த்தேன், அவன் விடவில்லை.

"எங்க மேல சாமி குத்தம் வரக்கூடாதுன்னு எங்களத் தடுத்துட்டு, உங்க டயரு காச எடுத்து எங்களுக்காக நீங்க எதிர்ப்பக்கம் போட்டீங்களாமே. வர்ற குத்தம் என் தலைக்கு வரட்டும்னு சொன்னீங்களாமே. அண்ணி எல்லாம் சொன்னாங்க. எங்கப்பாகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல."

அவன் அழுதான். அழுகையில் இருமல் வந்தது, இருமலோடும் அழுதான். அவன் மனைவி குனிந்து என் காலைத் தொட்டாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, தங்கையின் மனம் நோகக்கூடாது என்று சொன்னாளா, இல்லை இதுதான் எனக்குத் தண்டனை என்று சொன்னாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

அந்தக் காசில் அவன் லைசன் எடுத்தான். சல்லடை அறையை விட்டான். இப்போது ஒரு வாடகை ஆட்டோவோடு எங்கள் ஸ்டாண்டிலேயே நிற்கிறான், எனக்கு இரண்டு வண்டி பின்னால். இருமல் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போய் அவன் வண்டியில் ஏறுகிற ஆட்கள் தினமும் நாலு பேராவது இருக்கிறார்கள். அவன் அவர்களை வரிசைப்படி என் வண்டிக்கே திருப்பி அனுப்புவான். அதற்கும் எனக்கு எரியும்.

போன மாசம் ஒரு நாள் அப்படித் திரும்பி வராமல் நேராகவே ஒரு அம்மா என் வண்டியில் ஏறினார். கொஸ்லந்தைப் பக்கத்து ஆள், மடுல்சீமையில் மகள் வீட்டுக்குப் போகிறார். என்னைத் தெரியாது. பஸ்ஸிலோ கடையிலோ யாரோ சொல்லக் கேட்ட கதை ஒன்றை வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தார். பசறையில் ஒரு ஆட்டோக்காரராம். சகலையின் துண்டுக்காகச் சாமி கோபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, டயர் காசைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் கட்டினாராம். ஜெயித்த காசைத் தொடாமல் அப்படியே மனைவியிடம் கொடுத்தனுப்பினாராம். மொட்டை டயரோடு அந்த மனுஷன் மாசக்கணக்கில் இந்த மலை ஏறி இறங்கினாராம்.

"பெத்த புள்ள செய்யாதுங்க," என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுலயும் இருக்கானுக ரெண்டு சகலைங்க. ஒருத்தன் சோறு திங்கிறத ஒருத்தன் பாக்க மாட்டான். அப்படி ஒரு மனுசன் கூட இருந்தா அந்தக் குடும்பம் எவ்வளவு குடுத்து வச்சிருக்கணும்!"

எனக்கு வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. எனக்குத் தெரிந்த எரிச்சல்தான், ஆனால் சகலையைப் பார்த்துக்கூட அவ்வளவு எரிந்ததில்லை. போகிற வழியெல்லாம் அந்தக் கதையில் வந்த நல்லவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். என் வீட்டில் என் மனைவி சோறு போடுவது அவனுக்கு, மாமியார் இப்போது கொத்தமல்லி காய்ச்சுவது அவனுக்கு, சகலை அண்ணன் தகப்பன் என்று நினைப்பதும் அவனைத்தான். எனக்கென்று எதையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"யாருன்னு தெரியுமா தம்பி? உங்க ஸ்டாண்டு ஆளுன்னுதான் சொன்னாங்க," என்று அந்த அம்மா முன்னால் சாய்ந்து கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன்.